பாட்டி குடும்பத்தில் இல்லை

கோவில்பட்டிக்குத் தெற்கே ஓர் ஊரில் ஒரு பாட்டி இட்லிக் கடை வைத்திருக்கிறார். கடை என்று நான்தான் சொல்கிறேன். ஒரு வேப்பமரம், ஒரு பெஞ்சு, இட்லிக் கொப்பரை, சாம்பார் வாளி, அவ்வளவுதான். மகள் செத்துப்போனாள். மருமகன் திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர், போனவர்தான். 13 வயதுப் பேரன் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் குழாயடியில் தண்ணீர் பிடித்து வைக்கிறான், தட்டுக் கழுவுகிறான், சில்லறை வாங்கி டப்பாவில் போடுகிறான். அப்போது மணி காலை 7.

சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் அந்த வேப்பமரத்தடியில் இரண்டு மீறல்கள் நடக்கின்றன. முதலாவது நேரம். மாலை 7 முதல் காலை 8 வரை பிள்ளை எந்த ஒத்தாசையும் செய்யக் கூடாது. இரண்டாவது இதைவிடப் பெரிது. அந்தப் பாட்டி அவன் குடும்பத்தில் இல்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அதை 2016-இல் திருத்தினார்கள். ஜூலை மாதம் இரண்டு அவைகளும் நிறைவேற்றின, செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று அது சொன்னது. அதுவரை குறிப்பிட்ட சில வேலைகளில்தான் தடை. இப்போது எல்லா வேலையிலும். கைதட்டினோம். கை ஓய்வதற்குள் அடுத்த வரி வந்தது: பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் பிள்ளை தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ ‘உதவி’ செய்யலாம். குடும்பம் என்றால் யார் யார் என்று விளக்கமும் வைத்தார்கள். அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அப்பாவின் உடன்பிறந்தவர்கள். அம்மாவின் உடன்பிறந்தவர்கள். முற்றுப்புள்ளி.

சித்தப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறார், சித்தி இருக்கிறார், தாய்மாமன் இருக்கிறார். தாத்தா இல்லை, பாட்டி இல்லை. பெற்றவர்கள் போனபின் பிள்ளையைத் தூக்கி வளர்ப்பது இந்த நாட்டில் யார் என்று தெரியாதவர்கள் உட்கார்ந்து எழுதிய பட்டியல் அது என்று நினைத்தேன். பிறகு குடும்பத் தொழில் என்பதன் விளக்கத்தைப் படித்தேன். குடும்பத்தினர் ‘பிற ஆட்களையும் அமர்த்திக்கொண்டு’ செய்யும் எந்த வேலையும், உற்பத்தியும், வியாபாரமும் குடும்பத் தொழில்தானாம். அப்போதுதான் புரிந்தது. தெரியாமல் எழுதவில்லை. தொழில் வைத்திருக்கும் வயதில் உள்ள உறவுகளை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதியிருக்கிறார்கள். வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பாட்டியால் நாட்டின் உற்பத்திக்கு என்ன லாபம்? மாமாவுக்குப் பட்டறை இருக்கும், பத்து ஆள் இருப்பார்கள், பதினோராவதாக ஒரு ‘உதவி’ தேவைப்படும்.

மாமா என்ற சொல்லைத் தமிழனிடம் கொடுத்துவிட்டு, அதை வரம்பாக வைத்துக்கொள் என்று சொல்வதைப் போன்ற வேடிக்கை உண்டா? பேருந்தில் இடம் கொடுத்தவர் மாமா. பக்கத்து வீட்டுக்காரர் மாமா. கடன் கொடுத்தவர் மாமா, வட்டி கேட்டு வந்தால் பெரிய மாமா. ஒரு கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த பையனைக் காட்டி, “யாருங்க இது?” என்று கேட்டேன். “நம்ம பையன்தான் சார், லீவுக்கு வந்திருக்கான்” என்றார் முதலாளி. அது ஆகஸ்டு மாதம். எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆகஸ்டில் லீவு என்று கேட்க வாயெடுத்தேன். பையன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நான் கேட்காமலே, “மாமா” என்றான். சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிற குரல். எட்டு வாய்ப்பாட்டைக்கூட அவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டான்.

இந்தச் சட்டத்தின் மூளை முழுவதும் அகராதியில் இருக்கிறது. பிள்ளைகளை வேலையிலிருந்து வெளியே எடுப்பது கடினம். வேலை என்ற சொல்லைப் பிள்ளைகளிடமிருந்து வெளியே எடுப்பது சுலபம். ‘வேலை செய்கிறான்’ என்றால் குற்றம். ‘உதவி செய்கிறான்’ என்றால் பாசம். ஒரே மூட்டை, ஒரே முதுகு. வினைச்சொல் மட்டும் மாறியிருக்கிறது.

அதன் பிறகு 2017-இல் விதிகள் வந்தன. நாடாளுமன்றம் கதவைத் திறந்து வைத்தது, விதி எழுதியவர்கள் அதில் ஒரு கோணிச் சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டார்கள். பிள்ளை செய்யும் உதவி, தயாரிப்பிலிருந்து சில்லறை விற்பனை வரை எந்தக் கட்டத்திலும், அவனுக்கோ குடும்பத்துக்கோ வருமானம் தருவதாக இருக்கக் கூடாதாம். குடும்பத் தொழிலில் உதவலாம், ஆனால் அதனால் தொழிலுக்கு வருமானம் வந்துவிடக் கூடாது. அப்படியொரு தொழிலை எந்த மாமா நடத்துகிறார்? நட்டத்துக்கென்றே கடை வைத்திருக்கும் தாய்மாமன் எந்த ஊரில் இருக்கிறார்?

நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் உதவக் கூடாது, ஓய்வு நேரம் இதில் சேராது என்பது இன்னொரு விதி. பிள்ளை சோர்ந்துபோகக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது, கருணைதான். வீட்டுப்பாடம் கெடக் கூடாது, பள்ளியில் கொடுக்கும் மற்ற பயிற்சிகளும் கெடக் கூடாது. நாலேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடுகிறது என்று வையுங்கள். வீட்டுக்கு நடக்க வேண்டும், எதையாவது தின்ன வேண்டும், படிக்க வேண்டும், 7 மணிக்குள் உதவியை முடிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டவர் அந்தி நேரத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்ததே இல்லை. பள்ளியில் ஆறு மணி நேரம், உதவியில் மூன்று மணி நேரம், மொத்தம் 9. வளர்ந்த ஆளைத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றுதான் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. பத்து வயதுப் பிள்ளையை அந்த 9-இல் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, குழந்தைத் தொழிலாளர் ஒழிந்தார் என்று தலைப்பு வைத்தோம்.

அந்த ‘3 மணி நேரம்’ தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எங்கேயோ கேட்ட எண்ணாகத் தோன்ற வேண்டும். 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நாளைத் தலா 3 மணி நேர முறைகள் இரண்டாகப் பிரிப்பது. பிள்ளை ஒரு முறை மட்டும் வந்தால் போதும். மீதி நேரம் அப்பனிடம் தொழில் கற்றுக்கொள்ளலாம். குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள் எதிர்த்தவர்கள். சிரைப்பவர் மகன் கத்தி பிடிக்கவும் வெளுப்பவர் மகன் மூட்டை தூக்கவும் அரசாங்கமே நேரம் ஒதுக்கித் தருகிறதா என்று கேட்டார்கள். 1954-இல் ராஜாஜி பதவியை விட்டுப் போனார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அதன்பின் அதே மனிதர், சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வருவான் என்ற பெரிய ரகசியத்தையும் கண்டுபிடித்தார்.

அறுபத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, டெல்லியில் 2016 திருத்தத்துக்குச் சொன்ன நியாயம் என்ன? நம் சமூக அமைப்பை மனத்தில் கொள்ள வேண்டும், பெற்றோருக்கு உதவும்போதே பிள்ளைகள் தொழிலின் அடிப்படைகளைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான். அப்பனோடு உட்கார்ந்து தொழில் கற்கும் பிள்ளை! கேட்க இனிக்கிறது. வழக்கறிஞர் மகன் மாலை மூன்று மணி நேரம் அப்பாவின் கட்சிக்காரர்களுக்கு வக்காலத்து எழுதி உதவுகிறானா? மருத்துவர் மகள் விடுமுறையில் தையல் போட்டுப் பழகுகிறாளா? அந்தப் பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருக்கிறார்கள். குடும்பத் தொழிலின் அருமை பெருமையெல்லாம் பீடி, தறி, செருப்பு, ஆடு என்று வரும்போதுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. 1953-இல் இங்கே அதற்காக ஓர் ஆட்சியே ஆட்டம் கண்டது. 2016-இல் இங்கே எத்தனை பேர் தெருவுக்கு வந்தோம் என்று நினைத்துப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த வாரம் எனக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

எந்த வேலை ஆபத்தானது என்பதிலும் அதே அகராதி வேலைதான். திருத்தத்துக்கு முன்பு ஆபத்துப் பட்டியலில் 18 தொழில்கள், 65 செய்முறைகள், ஆக மொத்தம் 83 இருந்தன. திருத்தம் வந்த அன்று பட்டியலில் 3 இருந்தன. சுரங்கம், தீப்பற்றக்கூடிய பொருளும் வெடிபொருளும், தொழிற்சாலைச் சட்டம் ஆபத்து என்று சொல்லும் செய்முறை. மீதி எண்பதும் ஒரே இரவில் ஆபத்து நீங்கிச் சாதுவாகிவிட்டன. எதிர்ப்புகளுக்குப் பின், 2017 ஆகஸ்டில் பட்டியலை மீண்டும் நீட்டி இரண்டு பகுதியாக்கினார்கள். ஒன்று 18 வயது வரை யாரும் தொடக் கூடாத வேலைகள், மற்றது 14 வயதுக்குட்பட்டவர்கள் குடும்பத்தோடுகூடச் செய்யக் கூடாதவை. நடுவில் போன ஒரு வருடத்தில் அந்த வேலைகளில் தேய்ந்த விரல்களுக்கு எந்தப் பட்டியலில் இடம் என்று யாரும் எழுதவில்லை.

பாட்டியிடம் இதையெல்லாம் நான் ஒரு நாள் சொன்னேன். அவருக்கு இதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. எட்டு வயதில் அவரும் ஆபீசுக்குப் போனவர்தான். ஆபீஸ் என்றதும் மேசை, மின்விசிறி என்று நினைத்துவிடாதீர்கள். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பேரே ஆபீஸ். பாருங்கள், இங்கேயும் ஒரு சொல். எட்டு வயதுப் பிள்ளை ஆபீசுக்குப் போகிறாள் என்றால் கேட்பவனுக்கு உறுத்தாது. விடியும் முன்பே ஊருக்குள் ஆபீஸ் வண்டி வரும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளை அம்மாக்கள் தூக்கி ஏற்றுவார்கள். கட்டையில் குச்சி அடுக்க வேண்டும், சின்ன விரல்தான் அதற்குத் தோது. “பரிசோதனைக்கு ஆளு வாராகன்னா பின்வாசல் வழியா ஓடீருவோம். காட்டுல ஒக்காந்து வெளையாடுவோம். அன்னைக்கு மட்டுந்தான் வெளையாட்டு” என்றார் பாட்டி. அரசாங்கத்தால் அவர் பெற்ற பயன் அது ஒன்றுதான். எழுத்தாளர் பூமணி இதே கரிசல் மண்ணின் ஆபீஸ் பிள்ளைகளை வைத்துத்தான் ‘கருவேலம்பூக்கள்’ படம் எடுத்தார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விடுங்கள், பட்டாசு வாங்கும் வரிசை அதைவிட நீளம்.

சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றம் போனார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த முதல் தீர்ப்பைப் படித்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிக்கத் தோன்றும். தீப்பெட்டி, பட்டாசு செய்யும் இடத்தில் பிள்ளைகள் கூடாது, ஆனால் தயாரிக்கும் இடத்துக்குத் தள்ளி அடைப்பு வேலையில், அதாவது பேக்கிங்கில், வைத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். கூலி? அதே வேலை செய்யும் பெரியவருக்கான குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடு. பிள்ளைக்குச் சின்ன வயிறு என்று யாரோ அளந்து பார்த்திருக்க வேண்டும். முதலாளி நாற்பது விழுக்காடு மிச்சம் பிடிப்பதை உச்ச நீதிமன்றமே கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகு, பெரியவரை வேலைக்கு வைப்பவன் முட்டாளாகத்தான் இருப்பான்.

1996 டிசம்பர் 10-இல் வந்த தீர்ப்பு நிஜமாகவே கடுமையானது. பிள்ளையை வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு ஏதாவது ஒரு வேலையை அரசு தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் தன் பங்குக்கு 5,000 போட வேண்டும். அந்தக் காலத்தில் 20,000 என்றால் சிறிய முதலாளி நடுங்கியிருப்பார். சரியாக இருபது வருடம் கழித்துத் திருத்திய சட்டத்தில் அபராதம் எவ்வளவு என்று பாருங்கள். குறைந்தது 20,000, கூடிப்போனால் 50,000. ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. ஆனால் சிறை ‘அல்லது’ அபராதம், ‘அல்லது’ இரண்டும். முதல் தடவை என்றால் மாவட்ட ஆட்சியரிடம் மனுப் போட்டுப் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. 1996-க்கும் 2016-க்கும் நடுவில் அரிசி ஏறியது, பெட்ரோல் ஏறியது, தங்கம் எங்கேயோ போனது, சங்கு சக்கரம்கூட விலை ஏறியது. ஏறாமல் அதே 20,000-இல் நின்றது ஒன்றே ஒன்று, ஏழைப் பிள்ளையின் விலை. ஒரு பெரிய ஆளை வைத்துக் கொடுக்க வேண்டிய கூலியோடு கழித்துப் பார்த்தால் அபராதம் கட்டினாலும் முதலாளிக்கு மிச்சம்தான். இதைத் தண்டனை என்கிறார்கள். வியாபாரி அதை உரிமக் கட்டணம் என்று கணக்கில் எழுதிக்கொள்வான்.

14 வயது முடிகிற பிறந்தநாளைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். அதற்கு முந்தின நாள் ராத்திரி வரை அவன் குழந்தை. விடிந்தால் ‘வளரிளம் பருவத்தினர்’. என்ன அழகான சொல்! முளைப்பாரி மாதிரி இருக்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 21ஏ பிரிவு 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தருகிறது. அதே 14-இல் தொழிலாளர் சட்டம் கையை விடுகிறது. பள்ளிக் கதவு மூடும் நிமிடமும் பட்டறைக் கதவு திறக்கும் நிமிடமும் ஒன்றாக இருப்பதற்குத் தச்சனைக் கூப்பிட்டு அளந்து வைத்தாற்போல் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை அரசாங்கத்தின் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து சந்தையின் பிள்ளை. 18 வயது வரை ஓட்டுப் போட முடியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது, பெண்ணென்றால் கல்யாணம் செய்ய முடியாது. மூட்டை மட்டும் தூக்கலாம். மூட்டைக்கு முதிர்ச்சி தேவையில்லை போலும். அதிலும் ஒரு வேடிக்கை, 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 15 வயது முடியும் வரை குழந்தை. ஆக 14 முடிந்த பையன் அப்போது ஒரு சட்டத்தில் குழந்தை, இன்னொன்றில் வளரிளம். எந்தச் சட்டத்தின்படி பசித்தது என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் 1881-இல் இந்தியாவுக்குப் போட்ட முதல் தொழிற்சாலைச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது 7. 1891-இல் 9. 1922-இல் 12. ஏழிலிருந்து பன்னிரண்டுக்கு ஏற அவனுக்கு நாற்பத்தோரு வருடம் போதுமாக இருந்தது. நாமே நம்மை ஆளத் தொடங்கி, 1950-இல் அரசியலமைப்பில் 14 என்று எழுதினோம். இன்றைக்கும் 14-இலேயே உட்கார்ந்திருக்கிறோம், அதிலும் மாமா வீட்டு வழியாக ஒரு சந்து விட்டு. அன்னியனை நல்லவன் என்று சொல்ல வரவில்லை, அவனுக்கு மான்செஸ்டர் மில்காரர்களின் போட்டிக் கணக்கு இருந்தது. நமக்கு என்ன கணக்கு என்பதுதான் கேள்வி.

மில் என்றதும் கொங்குச் சீமைக்கும் திண்டுக்கல்லுக்கும் போகாமல் இருக்க முடியாது. சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்றெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? நூற்பாலைகள் கிராமத்துப் பெண் பிள்ளைகளை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ளும். தங்குமிடம், சாப்பாடு உண்டு. மாதாமாதம் கையில் கொஞ்சம். முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. வரதட்சணை 1961 முதல் இந்த நாட்டில் குற்றம். அதற்கு மில் முதலாளி பகிரங்கமாகச் சீட்டுப் பிடித்தார், அதுவும் அந்தப் பிள்ளையின் கூலியையே பிடித்து வைத்து. இரண்டரை வருடத்தில் காய்ச்சல் வந்து ஊருக்குப் போய்விட்டால் மொத்தப் பணமும் போச்சு. பஞ்சுத் தூசியில் இருமி இருமித் தாலிக்குச் சேர்த்த பிள்ளைகளுக்குச் சுமங்கலி என்று பெயர் வைத்தவனின் நகைச்சுவை உணர்ச்சியை நினைத்தால் என் பேனா வெட்கப்படுகிறது. நான் எழுதுவதெல்லாம் அங்கதமே இல்லை.

மாலை 7-க்கு மேல் காலை 6 வரை வளரிளம் பெண்ணைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று 1948 சட்டம் சொன்னது. மில்லில் அர நைட்டு, முழு நைட்டு என்று ஷிப்டு ஓடும். அதற்கும் வழி இருந்தது. வயதை மாற்றினால் போயிற்று. ஊரில் தரகர், கேம்ப்பில் வார்டன், கோப்பில் 18. வயதும் மாறாவிட்டால் பெயரை மாற்றலாம். பயிற்சி பெறுபவர், அப்ரண்டிஸ். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் 14 வயதிலிருந்தே சேர்க்கலாம் என்கிறது, ஆபத்தான தொழில்களுக்குத்தான் 18. அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு ஒரு பொன்வாக்கியம் சொல்கிறது: பழகுநர் என்பவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்லர். ஆகவே தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. விரல் மாட்டினால் தொழிலாளியின் விரலா, பழகுநரின் விரலா என்று அது கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

நம் வீடுகளுக்கு வருவோம். 2006 அக்டோபர் 10 முதல் வீட்டு வேலைக்கும் ஓட்டல், டீக்கடை வேலைக்கும் 14 வயதுக்குட்பட்டவர்களை வைப்பது தடை செய்யப்பட்டது. அடுக்குமாடி வீடுகளில் அன்றிலிருந்து வேலைக்காரச் சிறுமியே கிடையாது. “நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி” ஒருத்தி இருப்பாள். இந்த ‘மாதிரி’ என்ற சொல்லுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு எந்த மூத்த வழக்கறிஞராலும் தர முடியாதது. வீட்டுப் பெண் படுக்கையில் தூங்குவாள், பெண் மாதிரி சமையல்கட்டில் தூங்குவாள். வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை என்றால் பெண் மாதிரி சத்தம் போடாமல் பாத்திரம் கழுவ வேண்டும். தொழிலாளர் உரிமை பற்றிக் கூட்டங்களில் அனல் பறக்கப் பேசும் நண்பர் ஒருவர் வீட்டிலும் ஒரு ‘மாதிரி’ காப்பி கொண்டுவந்தாள். நான் குடித்தேன். சூடாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் சட்டம் தனியாகவே விலக்குக் கொடுத்திருக்கிறது. அங்கே பிள்ளை கலைஞர். நாளுக்கு 5 மணி நேரம், 27 நாளுக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 விழுக்காடு பிள்ளையின் பேரில் வைப்பு நிதி. பள்ளிக்கு 30 நாள் தொடர்ந்து வராவிட்டால்தான் தலைமையாசிரியர் அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்பது வேறோர் இடத்தில் உள்ள விதி. 27 நாள் படப்பிடிப்பு, 30 நாள் கெடு. இரண்டு விதிகளும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் எவ்வளவு நாகரிகமாக வாழ்கின்றன! ஆறு வயதுப் பிள்ளை மேடையில் தோற்று அழும்போது கேமரா கிட்டே போகிறது, நாமும் சோபாவில் கொஞ்சம் முன்னால் நகர்கிறோம்.

ஆண்டுதோறும் ஜூன் 12, குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள், வருகிறது. பேரணி, பதாகை, உறுதிமொழி. உறுதிமொழிக் கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்தவன் ஒரு சிறுவன் என்று நான் எழுதுவேன் என நீங்கள் எதிர்பார்க்கலாம். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது எல்லாரும் உஷார், அன்று தேநீர் கொண்டுவருபவருக்கு மீசை இருக்கும். எல்லா வடிவக் குழந்தை உழைப்பையும் 2025-க்குள் ஒழிப்போம் என்று ஐ.நா.வின் வளர்ச்சி இலக்கில் உலகம் முழுவதும் கையெழுத்திட்டோம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் 5 முதல் 14 வயது வரை வேலை செய்யும் பிள்ளைகள் ஒரு கோடிக்கும் மேல் இருந்தார்கள். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கை அந்த வருடம் எடுக்கவில்லை. எண்ணாவிட்டால் இல்லை என்பது நம் அரசாங்கங்கள் கண்டுபிடித்த கணித விதி.

ரெய்டில் ஒரு பிள்ளை சிக்கினாலும் அவன் வயதை நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் எதுவும் இல்லாவிட்டால் மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறது சட்டம். பல்லைப் பார்ப்பார், எலும்பை எக்ஸ்ரே எடுப்பார். எங்கள் பக்கம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் இது உழவுக்கு ஆகுமா என்று சொல்வார்கள். தரகரும் முதலாளியும் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். நடைமுறை ஏறக்குறைய அதுவேதான், துண்டுக்குப் பதிலாகக் கோப்பு.

போன மாதம் பாட்டி கடைக்குப் போயிருந்தேன். சட்டப்படி நீங்கள் இவன் குடும்பத்தில் இல்லை என்று நான் முன்பு சொன்னதை அவர் மறக்கவில்லை. இட்லியை எடுத்து வைத்துக்கொண்டே, மேலே ஒரு மனு எழுதிப் போட முடியுமா என்று கேட்டார். என்ன எழுத என்றேன்.

“என்னையும் சேத்துக்கச் சொல்லி. பாட்டின்னா ஆகாதுன்னா மாமன்னு எழுதிக்கிடட்டும்.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பேரன் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான். மணி எட்டரை. எந்த வகுப்பு என்று கேட்டேன். எட்டு என்றார். ஐப்பசியில் 14 முடிகிறது என்றார். மில்லுக்கு ஆள் பிடிக்கிற அண்ணாச்சி ஆடியிலேயே வந்து ஆதார் அட்டையை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம்.